கசப்புத் தடவிய சர்க்கரை

டாக்டர் ஜெபசிங்குக்கு அந்தப் பக்கத்தில் நல்ல பெயர். வாயளவில் சொல்லிவிட்டுப் போகிற நல்ல பெயர் இல்லை, பிளக்ஸ் அடித்து வைக்கிற அளவுக்கு நல்ல பெயர். ராயபுரத்திலிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்குத் திரும்புகிற முனையில், ஒரு காதுகுத்து பேனருக்கும் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனருக்கும் நடுவே, எட்டடி உயரத்துக்கு அவர் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப், முதுகுக்குப் பின்னால் பொங்கி எழும் அலை, தலைக்கு மேலே 'நெஞ்சுவலியை விரட்டி அடித்த நிஜ நாயகன்' என்று மஞ்சள் எழுத்து. கீழே வரிசையாகப் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள், எல்லாம் உதயா என்கிறவன் ஓட்டுகிற விசைப்படகில் போகிற ஆட்கள். இதெல்லாம் தனக்குப் பிடிக்காது என்று டாக்டர் சொன்னார். சொன்னது உண்மைதான். மூக்கு கொஞ்சம் சப்பையாக விழுந்திருக்கிறது, வேறு போட்டோ தரட்டுமா என்று கேட்டதும் உண்மைதான்.

நெஞ்சுவலியை எதைக் கொண்டு விரட்டினார் என்றால், சர்க்கரையைக் கொண்டு. டாக்டர்தான் இதை யாரிடமும் சொல்லவில்லை. நமக்கென்ன வந்தது, சொல்லிவிடுவோம்.

பாரிமுனையில் ஹோமியோபதிச் சரக்கு விற்கிற மொத்த வியாபாரக் கடை ஒன்றில், மருந்து ஏற்றாத வெறும் மாத்திரை டப்பா டப்பாவாகக் கிடைக்கும். பால்சர்க்கரையில் செய்தது, வெள்ளை வெளேரென்று இருக்கும். கம்பவுண்டர் தவசிமுத்து அதை வாங்கி வருவார். முதலில் அப்படியே வெள்ளையாகக் கொடுத்துப் பார்த்தார்கள், எடுபடவில்லை. "இன்னாது இது, முட்டாயாட்டம் தித்திக்குது" என்று இரண்டு பேர் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். கசக்காத மருந்தை அங்கே ஒருவரும் மதிப்பதில்லை. அதனால் தவசிமுத்து கேசரிப் பவுடரையும் நிலவேம்புக் கஷாயத்தையும் கலந்து, மாத்திரைகளின் மேல் லேசாகத் தெளித்து, எவர்சில்வர் தாம்பாளத்தில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே காயவைத்தார். மாத்திரை சிவந்தது, கசந்தது, வேலையும் செய்ய ஆரம்பித்துவிட்டது.

ஜெபசிங் காசுக்கு ஆசைப்பட்டு இதைச் செய்தார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சிவப்பு மாத்திரைக்கு அவர் காசே வாங்குவதில்லை. அந்தப் பெருமை வேறு அவருக்கு உண்டு. அவர் பக்கம் நியாயமும் இருந்தது. நியாயம் இல்லாமல் இந்த உலகத்தில் யார்தான் எதைச் செய்கிறார்கள்?

"உடம்புல ஒண்ணுமில்ல, போய் நல்லாத் தூங்குங்கன்னு சொன்னா கேக்கவா போறாங்க?" என்பார் மனைவி ரெஜினாவிடம். "நேரா அடுத்த தெருவுக்குப் போவாங்க. அங்க படிக்காதவன் ஒருத்தன் கண்ட ஸ்டீராய்டு ஊசியையும் போட்டு அனுப்புவான். அதுக்கு இது எவ்வளவோ தேவல."

ரெஜினா பள்ளிக்கூட டீச்சர். எதையும் மறு கேள்வி கேட்காமல் விடுகிற பழக்கம் கிடையாது. "அப்ப அவங்ககிட்டயே சொல்லிட்டுக் குடுங்களேன், இது சர்க்கரைதான்னு."

"சொன்னா வேலை செய்யாது, ரெஜினா."

"சொல்லிப் பாத்தீங்களா?"

சொல்லிப் பார்க்கவில்லை. டாக்டர் பேப்பரை விரித்துக்கொண்டார். ரெஜினாவும் அதற்குமேல் நோண்டவில்லை. கேசரிப் பவுடர் வாங்கி வைத்தால் ஒரு வாரம்கூட வீட்டில் தங்குவதில்லை என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு எழுந்து போனாள்.

உதயா விசைப்படகு டிரைவர். கூடவே வளர்ந்த தோஸ்து ஒருவன் கடலில் தவறி விழுந்து, தேடியும் கிடைக்காமல் போனதிலிருந்து அவனுக்கு நெஞ்சு படபடப்பு. கை நடுங்கும், மூச்சு முட்டும், செத்துப்போய்விடுவோம் என்று தோன்றும். ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், ரத்தத்தைப் பார்த்தார்கள். இதயம் கல்லுக் குண்டாக இருந்தது. இது துக்கம், இது பயம், நான் சொல்வதைக் கேள், உட்கார்ந்து பேசுவோம் என்று டாக்டர் சொல்லியிருக்கலாம். அதற்கு அரைமணி நேரம் ஆகும், வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். சிவப்பு மாத்திரைக்கு இரண்டு நிமிடம் போதும்.

அந்த இரண்டு நிமிடத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். டாக்டர் இடுப்புச் சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தார். இடுக்கியால் ஒரே ஒரு மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "படபடப்பு வர்றப்ப இதை நாக்குக்கு அடியில வை. முழுங்கிறாத. பத்து நிமிஷத்துல அடங்கும்" என்றார். நிஜமான இதய நோய்க்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை ஒன்று இருக்கிறது. அது எல்லாருக்கும் தெரியும். அந்த மருந்திலிருந்து மருந்தை விட்டுவிட்டு நாக்கை மட்டும் கடன் வாங்கிக்கொண்டார் டாக்டர். தன் சாமர்த்தியத்திலேயே அவருக்கு ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான்.

உதயாவுக்குப் படபடப்பு அடங்கியது. சும்மா சொல்லக்கூடாது, அப்படி அடங்கியது. பிளக்ஸ் வந்தது.

ஆனால் டாக்டர் ஒன்றை யோசிக்கவில்லை. அவர் அப்பா வெள்ளத்துரை தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மளிகை மொத்த வியாபாரம் செய்து முன்னுக்கு வந்தவர். அந்த வீட்டில் அவரவர் மருந்து அவரவர் பெயர் எழுதிய டப்பாவில் இருக்கும், அடுத்தவர் தொடமாட்டார்கள். படகில் அப்படிக் கிடையாது. கரையை விட்டுக் கிளம்பியபின் அரிசி, தண்ணீர், பீடி, போர்வை எல்லாம் பொது. பிடிக்கிற மீனே பங்குதான் என்கிறபோது மாத்திரை மட்டும் தனியாக இருக்குமா? தன் மாத்திரையை ஒருவன் ஒளித்து வைத்துக்கொண்டால் அவனோடு யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ஆகவே உதயாவின் சிவப்பு மாத்திரை ஒரு ஊறுகாய் பாட்டிலில் ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கியது. தலைவலிக்கு ஒன்று, வயிற்றுவலிக்கு ஒன்று, மாமியாரை நினைத்துத் தூக்கம் வராதவனுக்கு ஒன்று. பாட்டில் காலியாக ஆக உதயா பெரிய கவராகக் கேட்டான். டாக்டரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் சந்தோஷமாக அள்ளிக் கொடுத்தார்.

ஒருநாள் காலையில் பச்சையம்மா கிளினிக்குக்கு வந்தாள். உதயாவுக்கு அக்கா அவள். அவள் புருஷன் செல்வமும் அதே படகில் வலை இழுக்கிறவன். பச்சையம்மா ஏலத்தில் மீன் எடுத்து மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்கிறவள், வரிசையில் காத்திருந்து பழக்கமில்லை. நேரே உள்ளே வந்து, ஒரு பை நிறைய எறாவை டாக்டர் மேசைமேல் பிரிஸ்கிரிப்ஷன் பேடுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"டாக்டரே, உன் மாத்திரைக்கு ஒரு கும்புடு" என்றாள். "காலைல உதயா வயர்லெஸ்ல பேசினான். விடியச் சொல்ல எங்க ஊட்டுக்காரருக்கு நெஞ்ச அடைச்சிக்கினு வந்துச்சாம். வேர்த்து ஊத்திச்சாம். அந்தச் செவப்பு மாத்திரைய நாக்குக்கு அடில வச்சிகிறாங்க. இப்ப தேவலையாம்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "எங்க வலிச்சுதாம்?"

"நட்ட நடு நெஞ்சுல. லெப்டு கை வரிக்கும் இஸ்துச்சாம். தாவாங்கட்டைல கூட வலியாம். ஒருவாட்டி வாந்தி எடுத்துகிறாரு. அத்தொட்டுத்தான் உன்னாண்ட கேட்டுக்கினு போலாம்னு வந்தேன். ஒண்ணு வச்சதுக்கே இம்மாந் தேவலைன்னா, இன்னொண்ணு வைக்கலாமான்னு உதயா கேக்கச் சொன்னான். டாக்டரு சொல்லாம குடுக்கமாட்டேங்கிறான்."

கேட்டீர்களா? ஒப்புதல் கேட்டு வந்திருக்கிறாள். இரண்டாவது சர்க்கரைக்கு.

அந்த நேரத்தில் டாக்டரின் முதல் நினைப்பு செல்வத்தின் உயிரைப் பற்றியது என்று எழுத ஆசைதான். ஆனால் அவருக்கு முதலில் ஞாபகம் வந்தது முனையில் நிற்கிற பிளக்ஸ். இரண்டாவதாகத்தான் செல்வம் வந்தான். வந்தபிறகு போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நடுக்கடலில் ஒரு மனிதனுக்கு மாரடைப்பு வந்திருக்கிறது. வலி தானாகக் கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. சிவப்பு மாத்திரை ஓய்த்ததாக நினைத்துக்கொண்டு மற்றவர்கள் மறுபடி வலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு முறை வலி வந்தால் இன்னொரு மாத்திரையை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருப்பார்கள்.

"போட்டைத் திரும்பி வரச் சொல்லும்மா. உடனே."

"இன்னாத்துக்கு? அதான் தேவலையாச்சே."

"ஒரு டெஸ்ட் எடுக்கணும்."

"வந்தப்பால எடுத்துக்கலாம் டாக்டரே. போயி மூணு நாளுதான் ஆவுது, டீசல் காசு கூட வரல."

டாக்டர் எழுந்தார். அலமாரிப் பக்கம் நின்ற தவசிமுத்துவின் முகம் வெளுத்திருந்தது. "ஐயா, நான் வேணும்னா கூட வரட்டுமா" என்றார். "நீரு வாயத் தொறக்காம இங்கயே இரும்" என்று சொல்லிவிட்டு, டாக்டர் பச்சையம்மாவோடு ஆட்டோவில் ஏறினார். முனையில் எட்டடி ஜெபசிங் சிரித்துக்கொண்டு நின்றார். ஆட்டோவில் இருந்த ஜெபசிங் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

படகு உரிமையாளர் சங்கத்து அறையில்தான் வயர்லெஸ் கருவி இருந்தது. அதைப் பார்த்துக்கொள்கிறவன் டென்னிஸ். டாக்டருக்கு நாற்காலி போட்டு, மைக்கைக் கையில் கொடுத்து, பேசும்போது அழுத்து, கேட்கும்போது விடு என்று சொல்லிக் கொடுத்தான்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "இதுல தனியாப் பேச முடியாதா?"

"இது போன் இல்ல டாக்டர். கடல்ல கீற அத்தினி போட்டும் கேக்கும். அவங்களுக்கும் வேற பொழுதுபோக்கு இன்னா கீது?"

டாக்டர் மைக்கை அழுத்தினார். "உதயா, டாக்டர் பேசறேன். செல்வத்தை ஒரு டெஸ்ட் பண்ணிப் பாக்கணும். போட்டைத் திருப்பு."

கரகரவென்று ஒரு சத்தம், பிறகு உதயாவின் குரல் குஷியாக வந்தது. "டாக்டரே, வணக்கம். மாமா ஷோக்கா கீறாரு. டீ குட்சாரு. எறா இப்பதான் பட ஆரம்பிச்சிகீது. நாலு நாள்ல வந்துர்றோம்."

"அந்த மாத்திரை உன் உடம்புக்குன்னு குடுத்ததுப்பா. அவருக்கு ஒத்துக்காது."

"அதெல்லாம் ஒத்துக்குது டாக்டரே. எங்க அல்லாருக்கும் ஒத்துக்குது. சமையல்காரருக்குப் பல்வலி கூடப் போய்ச்சி."

டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பொய்யில் ஒரு சௌகரியம் உண்டு, ஒன்று எடுபடாவிட்டால் அடுத்தது கைவசம் இருக்கும். "உதயா, கவனமாக் கேளு. அது தேதி முடிஞ்சு போன மாத்திரை. தெரியாமக் குடுத்துட்டேன்."

"போன வாரந்தானே டாக்டரே குட்த்த?" என்றான் உதயா.

பச்சையம்மா டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐஸுக்கு அடியில் பழைய மீனைத் தள்ளி வைத்துவிட்டு மேலே புதுசைப் பரப்புகிற ஆட்களைத் தினம் பார்க்கிறவள் அவள். "இன்னா மேட்டரு டாக்டரே?" என்றாள். டாக்டர் அவள் பக்கம் திரும்பாமல் மறுபடி மைக்கை அழுத்தினார்.

"சரி உதயா, முதல்ல இதைச் செய். போட்ல மருந்துப் பெட்டி இருக்கும்ல, அதுல டிஸ்ப்ரின் இருக்கா? தலைவலிக்குப் போடற மாத்திரை, தண்ணியில கரையும். ஒண்ணை எடுத்து மாமாவை மென்னு திங்கச் சொல்லு. நெஞ்சுக்கு நல்லது."

"அதெல்லாம் வாங்கறதே இல்ல டாக்டரே" என்றான் உதயா. "உன் மாத்திரை இருக்கச் சொல்ல அது எதுக்கு?"

அத்தோடு டாக்டரின் கைச்சரக்கு தீர்ந்தது. உள்ளதைச் சொன்னால் பெயர் போகும், சொல்லாவிட்டால் செல்வம் போவான். இதைத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டியதே இல்லை என்று நீங்களும் நானும் சொல்லிவிடுவோம். நமக்கு முனையில் பிளக்ஸ் கிடையாது. ஜெபசிங் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

"உதயா. அது மருந்து இல்ல. சர்க்கரை. மேல கேசரிப் பவுடர், கசப்புக்கு நிலவேம்பு. வேற ஒண்ணுமே கிடையாது. உனக்குப் படபடப்பு அடங்கினது நீ நம்பினதாலதான். செல்வத்துக்கு வந்திருக்கிறது மாரடைப்பு. வலி இப்ப ஓஞ்சிருக்கு, திரும்ப வரும். அப்ப அந்தப் பாட்டில் உதவாது. வலையை வெட்டிவிட்டுட்டுக் கிளம்பி வா."

கரகரப்பு மட்டும் கேட்டது. டென்னிஸ் வாயைத் திறந்தபடி நின்றான். பச்சையம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று டாக்டர் எதிர்பார்த்தார். அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மைக் இருந்த மேசைக்கு இன்னும் ஒரு அடி கிட்டே வந்து நின்றாள்.

முதலில் பேசியது உதயா இல்லை, வேறு ஏதோ ஒரு படகிலிருந்து யாரோ. "டாக்டரே, அப்ப எங்க அம்மாவுக்கு முட்டிவலின்னு ஒரு ஊசி போட்டியே, அது?"

"அது... வெறும் தண்ணி. சுத்தமான தண்ணிதான்."

"மஞ்ச மாத்திரை?" என்றது இன்னொரு குரல்.

"மஞ்சள் நிஜம். கிருமிக்கு உள்ளது. நிறுத்திறாதீங்க."

"எங்க சித்தப்பாவுக்கு சுகருக்குக் குட்த்தது?"

"அதுவும் நிஜம். சத்தியமா நிஜம். அதை நிறுத்தினா ஆபத்து."

"எத்தத்தான் நம்பறது?" என்று கேட்டது முதல் குரல். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. இத்தனை வருடத்தில் ஒரு நோயாளியும் அவரிடம் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை, அவரும் இடம் கொடுத்ததில்லை. இன்றைக்கு வங்காள விரிகுடாவே வரிசையில் வந்து நின்றது.

"லைன உடுங்கபா அல்லாரும்" என்று டென்னிஸ் அதட்டினான். அப்போது ஒரு கனத்த குரல் குறுக்கே வந்தது. தங்கப்பாண்டி என்கிற இன்னொரு படகு டிரைவர். "உதயா, உனக்குத் தெக்கால நான்தான் கீறேன். என்னாண்ட டிஸ்ப்ரின் கீது. டாக்டரு மாத்திரை நமக்கு ஒண்ணும் கேக்கல, அத்தொட்டு இத்தத்தான் வச்சிருக்கேன். ஒரு எட்டு வந்து குட்த்துர்றேன்."

டாக்டரின் மாத்திரை வேலை செய்யாத ஒரே ஆளிடம்தான் வேலை செய்கிற மாத்திரை இருந்தது. அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று டாக்டருக்குத் தெரியவில்லை. எப்படி மென்று தின்ன வேண்டும், செல்வத்தை எப்படிச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும், எழுந்து நடக்கவிடக்கூடாது என்று வேகவேகமாகச் சொன்னார். இதற்குள் டென்னிஸ் கடலோரக் காவல் படைக்குப் போன் போட்டான். பாதி வழியில் எதிர்கொண்டு வந்து ஆளை ஏற்றிக்கொள்கிறோம், படகைக் கரையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே வரச்சொல்லுங்கள் என்றார்கள்.

ஓட்ட வேண்டியவன் உதயா. அவன் குரல் இப்போது வந்தது, ஆனால் அது பழைய குரல் இல்லை. "டாக்டரே, எனக்குப் படபடன்னு அடிச்சிக்குது. கையெல்லாம் ஆடுது. அந்த மாத்திரையும் ஒண்ணுமில்லைங்கிற. நான் இன்னா பண்ணட்டும்?"

ஜெபசிங் மைக்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். ஒருவனிடமிருந்து பொய்யைப் பிடுங்கிக்கொண்டால் அந்த இடத்தில் வைக்க ஏதாவது வேண்டும். அவரிடம் இருந்ததெல்லாம் கேசரிப் பவுடர்தான். "உதயா, மூச்சை நல்லா இழுத்து..." என்று ஆரம்பித்தார்.

பச்சையம்மா மைக்கைப் பிடுங்கினாள். "டேய் உதயா, அக்கா பேசறேன். நெஞ்சு அடிச்சிக்குதா? அடிச்சிக்கட்டும். எனக்கும்தான் அடிச்சிக்குது. கை ஆடினாலும் ஸ்டீரிங்க புடி. மாமாவ என் கைல குட்த்துட்டு அப்பால நீ எம்மாந் நேரம் வேணா பயப்படு. நான் இங்கதான் குந்திகினு கீறேன், பேசிக்கினே வா."

உதயா பேசிக்கொண்டே வந்தான். பிடித்த எறாவின் அளவிலிருந்து செத்துப்போன தோஸ்துவின் கல்யாணச் சாப்பாடுவரை என்னென்னவோ பேசினான். தங்கப்பாண்டி வந்து டிஸ்ப்ரின் கொடுத்துவிட்டுப் போனதையும் சொன்னான். பச்சையம்மா 'உம்' கொட்டினாள், திட்டினாள், ஒரு தடவை சிரிக்கவும் செய்தாள். அந்த தோஸ்துவின் பெயரை டாக்டர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார். கடலோரக் காவல் படைப் படகு எதிரே வந்து செல்வத்தை ஏற்றிக்கொண்டது என்று தகவல் வந்தபிறகுதான் பச்சையம்மா மைக்கைக் கீழே வைத்தாள்.

டாக்டர் அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை, துறைமுகத்தில் செல்வத்தை இறக்கி ஆம்புலன்ஸில் ஏற்றியதும் தானும் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் செல்வத்தின் நாடியைப் பிடித்துக்கொண்டு வந்தார். செல்வத்துக்கு நினைவு இருந்தது, வலி மறுபடி ஆரம்பித்திருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. பச்சையம்மா அவன் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். டாக்டர் பக்கம் பார்க்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் தயாராக இருந்தது. இதய டாக்டர் சின்ன வயசுக்காரர். ஈசிஜி காகிதத்தைப் பார்த்தார், ஒரு அட்டையில் செருகிய ஆங்கிலப் படிவத்தைப் பச்சையம்மா முன்னால் நீட்டினார். "ரத்தக்குழாய் அடைப்பை எடுக்கணும்மா. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. சீக்கிரம்."

"இதுல இன்னா எழுதிகீது?"

"எல்லாருக்கும் வழக்கமா எழுதறதுதான்மா. ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம், போடுங்க."

பச்சையம்மா பேனாவைத் தொடவில்லை. ஜெபசிங் முன்னால் வந்தார். "நான் படிச்சுச் சொல்றேம்மா" என்று அட்டையை வாங்கிக்கொண்டார். வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். கை வழியாகவோ தொடை வழியாகவோ ஒரு மெல்லிய குழாயை உள்ளே விடுவார்கள். அடைத்த இடத்தைப் பலூனால் விரித்து, மறுபடி மூடாமல் இருக்க ஒரு ஸ்டென்ட் வைப்பார்கள். ரத்தம் கசியலாம், திரும்ப அடைக்கலாம், நூற்றில் சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். செய்யாமல் விட்டால் ஆபத்து அதைவிட ரொம்ப அதிகம். ஒன்றைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை. இப்படி ஒரு படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அவர் படித்ததே அதுதான் முதல் தடவை.

பச்சையம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கேட்டு முடித்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தாள். "சரி. இப்ப வேற யாராச்சும் இத்தப் படிச்சிச் சொல்லுங்க."

"அம்மா, நேரம் போய்க்கிட்டு இருக்கு" என்றார் ஜெபசிங். "உள்ளத உள்ளபடி சொல்லிருக்கேன். தயவுசெஞ்சு போடுங்க."

"மாத்திரை குட்த்தப்பவும் இந்த மூஞ்சியோடதானே சொன்ன? நெசம் சொல்றப்ப உனுக்கு வேற மூஞ்சி கீதா?"

வேறு முகம் அவரிடம் இல்லை. உள்ளே செல்வம் முனகுவது கேட்டது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை, அந்த உண்மைக்காக ஒரு மனிதனின் உயிர் காத்திருக்கிறது. சொன்னது அவர் என்கிற ஒரே காரணத்தால் அது செல்லாது. சர்க்கரைக்கு இருந்த மரியாதைகூட இப்போது அவருடைய உண்மைக்கு இல்லை. அழுகை வந்தது டாக்டருக்கு. வராண்டாவில் ஓடி, மருந்துத் தட்டோடு போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக நிறுத்தினார். நர்ஸின் பெயர் அனிஷா. இதற்கு முன்னால் டாக்டரையும் பச்சையம்மாவையும் அவள் பார்த்ததில்லை, அதுவே தகுதியாகப் போயிற்று.

அனிஷா படித்தாள். கை அல்லது தொடை, குழாய், பலூன், ஸ்டென்ட், ரத்தக் கசிவு, ஆபத்து. ஜெபசிங் சுவரோரமாக நின்று, இந்தப் பெண் இன்னும் கொஞ்சம் வேகமாகப் படிக்கக்கூடாதா என்று கர்த்தரை வேண்டிக்கொண்டிருந்தார். ஒரு வரி விடாமல் அவர் சொன்ன அதே விஷயம்தான். பச்சையம்மா நடுவில் இரண்டு சந்தேகம் கேட்டாள், அனிஷா நின்று பதில் சொன்னாள். பிறகு பச்சையம்மா பேனாவை வாங்கி, பெரிய பெரிய எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். செல்வத்தை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

செல்வம் பிழைத்துக்கொண்டான். இதயத்தில் ஒரு பக்கம் பலவீனமாகிவிட்டது, இனி வலை இழுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அதெல்லாம் மறுநாள் தெரிந்த சங்கதி. அன்றைக்குக் கதவு சாத்தியிருந்தது. வெளியே பெஞ்சில் பச்சையம்மா உட்கார்ந்திருந்தாள், ஜெபசிங் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"நானும் இதேதானம்மா சொன்னேன்" என்றார் கடைசியில். "வரிக்கு வரி இதேதான்."

"ஆமா, நீ சொன்ன" என்றாள் பச்சையம்மா. "அதால இன்னொருத்தர கேக்க வேண்டியதாப் பூட்ச்சி."